கறுப்புக் கவர் வராத மூன்று மாதங்கள்

ஜெரூஷாவுக்கு மாதவிலக்கு வந்தால் அந்த வீட்டில் நான்கு பேருக்குத் தெரியும். முதலில் அவளுக்கு. அடுத்து வேலைக்கு வரும் எல்லம்மாவுக்கு. எல்லம்மா வழியாக மாமியார் சரோஜினிக்கு. கடைசியாகத்தான் புருஷன் எபிக்கு. அதுவும் அவன் அம்மா இட்லி வைக்கும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னால்தான் தெரியும்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது வீடு. சரோஜினி முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம்தான் அவளை அனுப்பி வைத்ததே தவிர, அவள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. பகலில் யாரும் அறைக்கதவைச் சாத்தக் கூடாது. உபயோகித்த நாப்கினைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும், சர்ச் பத்திரிகையில் சுற்றக் கூடாது. சுற்றியதைக் கறுப்பு கேரி பேக்கில் போட்டு இரண்டு முடிச்சுப் போட வேண்டும். பாத்ரூம் குப்பைக்கூடையில் போடாமல், கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறதே, அதில் மாட்ட வேண்டும்.

காலையில் எல்லம்மா அந்தக் கவரை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்குப் போவாள். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சரோஜினி கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அது சமையலறை வரைக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் விடுவதே.

கல்யாணமாகி இரண்டே கால் வருஷம். மாதம் தவறாமல் ஒரு பெருமூச்சு. அதோடு நின்றிருந்தால் ஜெரூஷா பொறுத்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சரோஜினி எழுந்து நின்று, "மருமகளுக்காக ஜெபிச்சுக்குங்க, இந்த மாசமும் ஏமாத்திட்டா" என்பாள். ஏமாந்துவிட்டோம் என்றுகூட இல்லை, ஏமாற்றிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பெயர்கூடத் தெரியாத ஆன்ட்டிகள் ஜெரூஷாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். அவளுக்கு வயிறெரியும். பிள்ளை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் கவரைக் கட்டும்போது அவளும் அழுத மாதங்கள் உண்டு. ஆனால் அந்த அழுகையைக்கூட எல்லம்மாவும் மாமியாரும் பங்கு போட்டுக்கொண்டபின் அவளுக்கென்று மிஞ்சவில்லை. தன் உடம்பில் நடக்கிற ஒரே ஒரு விஷயமாவது தான் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வீட்டை மறந்திருக்க அவளுக்கு வாய்த்தது கம்பெனி பஸ். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. காலை ஏழு மணிக்கு ஏறினால், மேடவாக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் விழுந்து எழுந்து, சோழிங்கநல்லூர் சிக்னலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, எட்டரைக்குப் போய்ச் சேரும் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒரு மாயாஜாலக் கதை படித்துக்கொண்டிருந்தாள். ஏழு பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம், இங்கிலீஷில். ஒரு தீவு ராஜ்ஜியம். அங்கே ஒரு ராணி. ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மந்திரத்தால் ஒரு காது முளைக்க வைத்திருக்கிறாள். யார் வீட்டில் யார் முணுமுணுத்தாலும் அரண்மனையில் கேட்கும். படகோட்டி மகள் ஒருத்தி, காது இல்லாத ஒரு வீட்டைக் கட்டப் புறப்படுகிறாள். ராணியின் முகத்தை ஆசிரியர் எப்படி வர்ணித்திருந்தாலும் ஜெரூஷாவுக்குத் தெரிந்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரே ஒரு முகம்தான். அதில் அவளுக்கு அலாதி திருப்தி.

இரண்டாயிரத்து எட்டு மே மாதம், டொராண்டோவிலிருந்து வந்த அவள் சித்தப்பா யேசுதாசன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மகள் அனுப்பியது. உள்ளே ஊதா நிறத் துணிப்பை, அதற்குள் சிலிகோனில் ஒரு குட்டிக் கிண்ணம். அடியில் காம்பு. மடித்து உள்ளே வைத்துக்கொண்டால் உதிரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், எட்டுப் பத்து மணி நேரம் கவலையில்லை, எடுத்துக் கொட்டிக் கழுவித் திரும்ப வைத்துக்கொள்ளலாம், பத்து வருஷம் உழைக்கும் என்று கூடவே வந்த காகிதத்தில் போட்டிருந்தது. ஜெரூஷா அதில் ஒரு வரியைத்தான் மூன்று முறை படித்தாள். தூக்கிப் போட எதுவும் இருக்காதாம்.

முதல் நாள் விடிகாலையில் பாத்ரூமுக்குள் நடந்தது யுத்தம். காகிதத்தில் இருந்த படத்தில் ஒரு பெண் சிரித்த முகமாக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஜெரூஷா ஒரு காலை வாளி மேல் வைத்தாள். மடித்த கிண்ணம் விரலிலிருந்து நழுவிக் கதவில் பட்டு, மக்கில் போய் விழுந்தது. இரண்டாம் முறை பாதி உள்ளே போனதும் படக்கென்று விரிந்து உயிரை எடுத்தது. அவள் திட்டிய திட்டு ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்டதல்ல.

"உள்ள என்ன பண்றே? மோட்டார் போடணும்!" வெளியிலிருந்து சரோஜினி.

"வயித்து வலி அத்தை!"

"ராத்திரி கண்டதையும் தின்னா அப்படித்தான்."

ஐந்தாவது முறை சரியாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. நடந்து பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். பஸ்ஸில் மேடவாக்கம் பள்ளத்தில் ஆறு அங்குலம் மேலே தூக்கிப் போட்டபோதும் பின்பக்கம் தடவிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கத்து ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை. மறுநாளும் இல்லை. சரோஜினி உபவாச ஜெபத்துக்குப் போன வெள்ளிக்கிழமை, ஜெரூஷா லீவு போட்டுவிட்டு ஒரு பழைய டம்ளரில் தண்ணீர் கொதிக்க வைத்து, கிண்ணத்தை அதில் போட்டு எடுத்துத் துடைத்துத் தன் அலமாரியில் ஏழு பாகங்களுக்குப் பின்னால் வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவர்க் காதுக்குள் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது.

எபியிடம் மட்டும் சொன்னாள். கிண்ணத்தைக் காட்டினாள். அவன் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, இதெல்லாம் எனக்கு எதுக்கு ஜெரூ?" என்றான்.

ஜூன் போயிற்று. ஜூலையும் பாதி போயிற்று. எல்லம்மா ஒரு நாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே விஷயத்தை எடுத்தாள்.

"பெரியம்மா, மூணு மாசமா கவரே வர்லியே. இன்னா சமாச்சாரம்? ஒண்ணியும் சொல்லாம கமுக்கமா கீறீங்க?"

சரோஜினி பேப்பரை மடித்து வைத்தாள். அவளும் அதைத்தான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். மருமகளிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். ஆனால் கேட்பதற்கு அந்த வீட்டில் அவளுக்குப் பழக்கமில்லை, கண்டுபிடித்துத்தான் பழக்கம். அன்று ராத்திரி மகனுக்குத் தோசை போட்டுக்கொண்டே, "எபி, ஜெரூஷாவுக்கு ஏதாவது விசேஷமா?" என்று கேட்டாள்.

எபிக்கு அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? காது சிவக்க ஒரு இளிப்பு இளித்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான்.

அந்த இளிப்பைப் பார்த்தபின் சரோஜினிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சில விநோதங்கள் நடந்தன. ஜெரூஷா வாளியைத் தூக்கினால் சரோஜினி பிடுங்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் மாதுளம்பழம் உரித்து வைத்திருந்தது. பப்பாளி வாங்கி வந்த எபிக்குத் திட்டு விழுந்தது. அடுத்தவன் எழுதிய ப்ரோக்ராமில் ஒளிந்திருக்கும் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் ஜெரூஷா. வீட்டில் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த தப்பு அவளுக்குப் புரியவில்லை. கிழவிக்கு வயசாகிறது, குணம் மாறுகிறது என்று நினைத்தாள்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தாள். ஏழு பாகங்களும் இல்லை. அந்த இடத்தில் குழந்தைகளுக்கான படம் போட்ட பைபிள் கதைப் புத்தகம் ஒன்றும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் இருந்தன. துணிகளுக்கடியில் கையை விட்டாள். ஊதாப் பை இருந்தது. நல்ல வேளை, போன மாதம்தான் அதை இடம் மாற்றியிருந்தாள்.

"அத்தை, என் புக்ஸ் எங்க?"

"என் பீரோல இருக்கு. சூனியம், மந்திரம், காது முளைக்கிறது... கிறிஸ்தவக் குடும்பத்துல படிக்கிற புஸ்தகமா அது? இந்த நேரத்துல அதெல்லாம் படிக்கவே கூடாது."

"எந்த நேரத்துல?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நேரம் வரும்போது நானே சொல்லிக்கிறேன்."

"அது என் காசுல வாங்கினது. என் அலமாரிய யாரு திறக்கச் சொன்னா?"

"என் வீட்டு அலமாரிம்மா அது" என்றாள் சரோஜினி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே.

ஜெரூஷா அப்போது ஐந்தாம் பாகத்தில் நடுவில் இருந்தாள். அன்று பார்த்து அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். படகோட்டி மகளைப் பாதாளச் சிறையில் விட்டுவிட்டுப் பத்து நாள் அவள் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனாள். கோபத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. எபியிடம் சொன்னதற்கு, "விடு ஜெரூ, அம்மா அப்படித்தான், தானா மறந்துடுவாங்க" என்றான். எந்த விஷயத்துக்கும் அவனிடம் இருந்த ஒரே பதில் அது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. ஜெரூஷாவுக்கு இரண்டாம் நாள். மற்ற மாதங்களில் இரண்டாம் நாள் சர்ச்சுக்குப் போனால் கரும்பச்சையோ மெரூனோ கட்டிக்கொண்டு, எழுந்து நிற்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் புடவையைப் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அன்று கிண்ணத்தை நம்பி, கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக்கொடுத்த சந்தன நிறப் பட்டைக் கட்டிக்கொண்டாள். சரோஜினி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். இரண்டே கால் வருஷத்தில் முதல் தடவை.

ஆராதனை நடுவில் பாஸ்டர் ஸ்தோத்திர காணிக்கைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வேலை கிடைத்ததற்காக, விபத்தில் தப்பியதற்காக, மகன் பத்தாவதில் பாஸானதற்காக. அடுத்த சீட்டைப் பிரித்தவர் முகம் மலர்ந்தது.

"திருமதி சரோஜினி ஞானமுத்து, தம் மருமகள் ஜெரூஷாவுக்கு ஆண்டவர் கர்ப்பத்தின் கனியைக் கட்டளையிட்டதற்காக, மூன்று மாதங்கள் காத்து நடத்தி வந்ததற்காக, மிகுந்த நன்றியுடன் செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை."

"ஆமென்!" என்றது சபை.

ஆமென் அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் திரும்பிற்று. ஜெரூஷாவுக்கு அரை நொடி, அரை நொடிதான், சந்தோஷமாக இருந்தது. பாஸ்டர் பைபிளைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், நிஜமாகத்தான் இருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடியது. அடுத்த நொடி அடிவயிற்றில் இரண்டாம் நாளின் வலி ஒரு சுண்டு சுண்டியது. மாதுளம்பழம், வாளி, பேரீச்சம்பழம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அந்த அரை நொடிச் சந்தோஷத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. அதைக்கூட மாமியார்தான் கொடுத்துப் பிடுங்கியிருந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மரத்தடியில் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைத் தடவினாள். ஒருத்தி கேட்காமலே வயிற்றில் கை வைத்தாள். மகளிர் சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற நர்ஸ் மிஸஸ் லாசரஸ், "எந்த டாக்டர்கிட்ட காட்டுறே? டேட் எப்போ சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள்.

ஜெரூஷா வயிற்றிலிருந்த கையை எடுத்து ஓரமாக விட்டாள்.

"நான் மாசமா இல்ல ஆன்ட்டி."

சிரித்தார்கள். வெட்கம் என்று நினைத்தார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன். இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள்."

சிரிப்பு நின்றது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடி உளர்றே? சர்ச் வாசல்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்றே!"

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்? நான் உங்ககிட்ட மாசமா இருக்கேன்னு சொன்னேனா?"

"மூணு மாசமா ஒரு கவர் வரல! மே மாசத்துல இருந்து எண்ணிக்கிட்டு வர்றேன், ஆணியில ஒரு கவர் இல்ல!"

வாயிலிருந்து வந்துவிட்டது. டீச்சரம்மாவின் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல்.

"கவரா? என்ன கவர்?" என்றாள் மிஸஸ் லாசரஸ்.

பதிலை ஜெரூஷா சொன்னாள்.

"என் நாப்கின் கவர் ஆன்ட்டி. மாசாமாசம் எண்ணிப் பார்த்துட்டுத்தான் வெள்ளிக்கிழமை ஜெபத்துல வந்து சொல்வாங்க. இப்போ நாப்கின் தேவைப்படாத ஒண்ணை உபயோகிக்கிறேன். அதனால கவர் இல்ல. கவர் இல்லன்னதும் உங்க எல்லாரையும் ஆமென் சொல்ல வச்சுட்டாங்க."

அத்தனை வெள்ளிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். மிஸஸ் லாசரஸ் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரோஜினி, மருமக குப்பையப் போயா கிளறிக்கிட்டு இருந்தீங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

எபி ஓடி வந்து, "வண்டிய எடுக்கட்டுமா?" என்றான். ஜெரூஷா அவனைப் பார்த்தாள்.

"உங்க அம்மா உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"உனக்குத் தெரியாதா?"

அவன் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள்.

அன்று வீட்டில் சமையல் இல்லை. சரோஜினி திரும்பி வந்ததும் ஜெரூஷா கூடத்தில் நின்று கையை நீட்டினாள்.

"பீரோ சாவி."

"நாலு பேர் முன்னால என்னை அவமானப்படுத்திட்டேல்ல?"

"நாலு பேர் முன்னால என் வயித்தைப் பத்திச் சொன்னது நீங்க. சாவியக் குடுங்க."

சரோஜினி சாவியைக் கையில் கொடுக்கவில்லை. மேஜையில் போட்டாள். ஜெரூஷா பீரோவைத் திறந்து, ஏழு பாகத்தையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய், பட்டப்பகலில் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் போட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து, ஏதாவது கிழித்துவிட்டாளா என்று முதல் பாகத்தைப் புரட்டினாள். கிழியவில்லை. சிவப்புப் பேனா ஓடியிருந்தது. சூனியக்காரி வரும் இடமெல்லாம் பெருக்கல் குறி. ஓர் இடத்தில் விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்திருந்தாள். படகோட்டி மகள் ராணியை எதிர்த்துப் பேசும் பக்கத்தில் ஓரமாக, 'திமிர்' என்று எழுதியிருந்தது. ராணி, ஊர் நன்மைக்காகத்தான் நான் காது வைத்தேன் என்று சொல்லும் இடத்தில் டீச்சர் கையால் பெரிதாக ஒரு சரி அடையாளம்.

ஜெரூஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் பாகத்தை எடுத்தாள். அதிலும் பெருக்கல் குறிகள் இருந்தன, ஆனால் நடுவில் குறைந்தன. பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. மூன்றாம் பாகத்தில் சிவப்பு மையே இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும், படகு கவிழ்ந்து படகோட்டி மகள் கடலில் மூழ்கும் இடத்தில், தினத் தியானச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. அந்தப் பக்கத்தின் மூலையில் விரல் எண்ணெய். பத்து நாளில் செங்கல் கனத்தில் மூன்று பாகம். கிழவி சமைக்கிற நேரத்திலும் படித்திருக்கிறாள்.

அவளுக்கு மனசு இளகும் போல இருந்தது. இளக விடவில்லை. வயிற்றில் கை வைத்த அந்த ஆன்ட்டியை நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பாதாளச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஐந்து மணி இருக்கும். வெளியே காலடிச் சத்தம் வந்து கதவருகே நின்றது. வழக்கமாக அந்தக் காலடி நிற்காது, நேராக உள்ளே வரும். இப்போது கதவு அசைந்து பார்த்தது. தாழ்ப்பாள் விடவில்லை. பிறகு இரண்டு தட்டு. ரொம்ப மெல்லிய தட்டு.

அந்த வீட்டில் தன் கதவை யாரும் தட்டி ஜெரூஷா கேட்டதில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து ஒரு கையகலம் மட்டும் விலக்கினாள்.

சரோஜினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் படகோட்டி பொண்ணு செத்துட்டாளா?"

"உங்களுக்கு எதுக்கு அத்தை? சூனியக் கதை."

"கேட்டேன். இஷ்டம் இருந்தா சொல்லு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாலாம் பாகத்த... எடுத்துக்கட்டுமா?"

மன்னிப்பு அதில் இல்லை. வரப்போவதுமில்லை. ஆனால் ஒரு கேள்வி இருந்தது. அந்த வீட்டில் சரோஜினி வாயிலிருந்து, அனுமதி கேட்டு வந்த முதல் கேள்வி.

"நான் இன்னும் படிச்சு முடிக்கல" என்றாள் ஜெரூஷா. "முடிச்சதும் நானே கொண்டுவந்து தர்றேன். இந்த அறைக்குள்ள இருந்து நீங்களா எதையும் எடுக்காதீங்க."

சரோஜினி தலையை ஆட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. காலடிச் சத்தம் கூடம் வரைக்கும் போய் அடங்கியது. ஜெரூஷா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இந்தத் தடவை அது சுலபமாக விழுந்தது. கட்டிலில் கிடந்த நாலாம் பாகத்தை எடுத்து ஐந்தாம் பாகத்துக்கு அடியில் வைத்தாள். அதை அவள் ஜூன் மாதமே முடித்திருந்தாள்.